திறந்தவெளி வசதி

எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் முப்பது வருஷம் மேனேஜராக இருந்தவர். "ஏல, நாலு பேரைக் கூட்டி அபிப்பிராயம் கேக்கதா இருந்தா, முதல்ல யாரைக் கூப்பிடணும்னு ஒரு தாள்ல எழுதி வச்சுக்கோ." இப்படித்தான் ஞாபகம். இல்லை, "யாரைக் கூப்பிடலைன்னு எழுதி வச்சுக்கோ" என்றாரோ? இரண்டில் ஒன்று. அவர் இருந்தபோது நான் ஊரில் இல்லை, நான் வந்தபோது அவர் இல்லை. நான் முதலாவதையே எடுத்துக்கொண்டேன். அதில்தான் அர்த்தம் இருக்கிறது. கூப்பிடாதவர்களின் பெயரை எழுதி வைத்து என்ன செய்ய, சொல்லுங்கள்.

அந்த நாற்காலி வேண்டாம், இப்படி ஃபேனுக்கு நேராக உட்காருங்கள். கோமதி, இவருக்கும் ஒரு காபி. பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, உங்கள் நகரில் சங்கம் ஆரம்பிக்க வேண்டும், அனுபவம் சொல்லுங்கள் என்று தேடி வந்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. பத்திரிகையில் எங்கள் வரைபடத்தின் படம் வந்ததிலிருந்து மாதத்துக்கு ஒருவராவது வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நீங்கள் சொந்த வீடுதானே? ஓ, வாடகையா. அதனால் என்ன, நான் அப்படியெல்லாம் வித்தியாசம் பார்க்கிறவன் இல்லை. எங்கள் சங்கத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் தாராளமாக வந்து உட்காரலாம். பேசுவது மட்டும் வீட்டுக்காரர் வழியாக.

நான் பதினெட்டு வருஷம் நெதர்லாந்தில் இருந்தவன். உத்ரெக்ட் என்று ஒரு ஊர். அங்கே ஒரு தெருவில் ஒரு மரத்தை வெட்ட வேண்டுமென்றால்கூட நாற்பது பேரைக் கூட்டுவார்கள். ஆளுக்கு ஒரு காபி, ஒரே ஒரு பிஸ்கட். டப்பாவைத் திறப்பார்கள், நீங்கள் ஒன்று எடுப்பீர்கள், உடனே மூடிவிடுவார்கள். மூன்று மணி நேரம் பேசுவார்கள். யாரும் குரலை உயர்த்தமாட்டார்கள். கடைசியில் மரத்தை வெட்டிவிடுவார்கள். ஆனால் யாருக்கும் மனவருத்தம் இருக்காது, பாருங்கள். எல்லாரையும் கேட்டாகிவிட்டதே. அங்கேதான் கற்றுக்கொண்டேன், முடிவு முக்கியமில்லை, கேட்பதுதான் முக்கியம் என்று.

நாற்பத்தைந்து வயதில் திரும்பி வந்தேன். அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது, வீடு பூட்டிக் கிடந்தது. இந்த நகர் அறுபத்து மூன்று வீடு. பள்ளிக்கூட வாத்தியார்கள் சேர்ந்து வாங்கிப் போட்ட மனைகள், அப்பாவும் கணக்கு வாத்தியார்தான். மனை பிரிக்கும்போதே பூங்காவுக்கென்று இருபத்திரண்டு சென்ட் விட்டிருந்தார்கள். நாற்பது வருஷமாக அதில் பூங்காவைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. சீமைக்கருவேலம், உடைந்த கம்மோடு, யாரோ கொண்டுவந்து வைத்த மூக்கில்லாத பிள்ளையார், யாருடையது என்றே தெரியாத மூன்று ஆடு. ஜன்னல் வழியாகப் பாருங்கள், என் சுவருக்கு அந்தப் பக்கம் தெரிகிறதே, அதுதான்.

அந்தச் சுவரோரம் புங்கை மரத்தடியில் இஸ்திரி வண்டி ஒன்று நிற்கிறதல்லவா, அது மாடத்தியம்மாவுடையது. நான் 'அம்மா' சேர்த்துத்தான் சொல்வேன், 'அவர்' என்றுதான் சொல்வேன். இங்கே மற்றவர்கள் சொல்வதுபோல 'அவ, இவ' எல்லாம் எனக்கு வராது. பதினேழு வருஷமாக அந்த மரத்தடிதான். காலை ஏழு மணிக்கு வந்தால் மாலை ஆறு. நல்ல கை, காலர் அப்படியே நிற்கும். ஒரே ஒரு குறை. மத்தியானம் பன்னிரண்டரைக்கு வண்டியை மூடிவிட்டு எங்கேயோ போய்விடுவார், ஒன்றே முக்காலுக்குத்தான் தலை தெரியும். சாப்பிடப் போகிறார் என்றால் தூக்குச்சட்டி வண்டிக்கு அடியிலேயே இருக்கிறது. ஒரு நாள் எனக்கு இரண்டு மணிக்கு ஒரு கருத்தரங்கம், சட்டை வண்டிக்குள் மாட்டிக்கொண்டது. அவர் வந்ததும் கோபப்படாமல், நேரத்தைத் திட்டமிடுவது பற்றி மெதுவாக எடுத்துச் சொன்னேன்.

"அவசரம் சார்" என்றார்.

அவசரம் என்றால் வேலையை வேகமாக அல்லவா செய்ய வேண்டும்? வண்டியை மூடிவிட்டா போவார்கள்? நம் ஆட்களின் தர்க்கம் எனக்குச் சில சமயம் பிடிபடுவதே இல்லை. ஆனாலும் மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கரி அனலில் நிற்கிறாரே என்று தினமும் ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வாங்கிக்கொள்வார். குடிக்கமாட்டார். அவ்வளவையும் துணியில் தெளித்துத் தேய்த்துவிடுவார்.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், சங்கம். சங்கம் ஆரம்பித்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு. நான் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானதுரை சார் துணைத்தலைவர். முதல் கூட்டம் அவருடைய கார் ஷெட்டில். மரபுப்படி ஆளுக்கொரு பிஸ்கட் என்று வைத்தேன். இரும்புக்கடை மீரான் அண்ணாச்சி டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன சார், சுகர் கூட்டமா?" என்றார். அடுத்த கூட்டத்திலிருந்து வடை.

வரைபடம்தான் என்னுடைய பெரிய யோசனை. நகர் முழுவதையும் பெரிய ஃப்ளெக்ஸில் அச்சடித்துச் சுவரில் மாட்டினேன். ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த இடத்தில் பச்சை வட்டமும், சரிசெய்ய வேண்டிய இடத்தில் சிவப்பு வட்டமும் ஒட்ட வேண்டும். அங்கே அந்த ஒட்டு வட்டம் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். இங்கே நான்கு கடை ஏறி இறங்கினேன். கடைசியில் ஃபேன்சி ஸ்டோர் பெண் கேட்டாள், "ஸ்டிக்கர் பொட்டு இருக்கு சார், தரவா?" வட்டம்தானே! பச்சை பத்து அட்டை, மெரூன் பத்து அட்டை வாங்கிக்கொண்டேன்.

அதில் இவ்வளவு விஷயம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மீரான் அண்ணாச்சி வீட்டம்மா கையில் வாங்கிக்கொண்டு விழித்தார்கள். "சார், இது நெத்திக்கா, நிலத்துக்கா?" என்று அண்ணாச்சி கேட்டார். ஞானதுரை சார் வீட்டம்மா, "நான் பேனாவால ஒரு சிலுவை போட்டுக்கிடுதேன்" என்றார்கள். நான்காவது வீட்டுப் பரமேஸ்வரி டீச்சர், போன தையில்தான் கணவர் தவறினார். அவரிடம் நான் மெரூன் பொட்டை நீட்டிவிட்டேன். எனக்கு அரை நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. அவர்தான் சிரித்தார். "கொடு தம்பி, இதுக்காவது ஆச்சே" என்று வாங்கிப் பூங்கா இடத்தின் நட்டநடுவில் அழுத்தி ஒட்டினார். அதன்பிறகு எல்லாரும் அவரைப் பார்த்து அங்கேயே ஒட்டினார்கள். நாற்பத்தொரு மெரூன். மூன்று பெண்கள் ஒட்டாமல் பர்ஸுக்குள் போட்டுக்கொண்டு போனது எனக்குத் தெரியும்.

தேய்த்த துணி கொடுக்க வந்த மாடத்தியம்மாவின் விரலிலும் ஒரு பொட்டு இருந்தது. யார் கொடுத்தார்களோ. வரைபடத்தின் முன்னால் நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தார். எல்லார் முன்னாலும் சொன்னால் அவருக்குச் சங்கடம் என்று பக்கத்தில் போய்ச் சொன்னேன். "அம்மா, இது குடியிருப்போர் சங்கம். நீங்கள் இங்கே வேலைதான் செய்கிறீர்கள், குடியிருக்கவில்லை. முடிவில் ஒரு ஒழுங்கு வேண்டும் பாருங்கள்." அவர் பொட்டை அட்டையிலேயே திருப்பி ஒட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பக்குவம் நம் உறுப்பினர்களுக்கு இல்லை.

மக்கள் விருப்பம் தெளிவாகிவிட்டது, பூங்கா வேண்டும். மாநகராட்சிக்கு மனு எழுத வேண்டும். நான் பத்தாவது வரை தமிழில் படித்தவன், அதற்குமேல் ஆங்கிலம். இரண்டிலும் யோசிப்பேன். 'பூங்கா' என்று எழுதுவது எனக்குப் பழையதாகப் பட்டது. பூங்கா என்றால் நான்கு பூச்செடி, ஒரு சறுக்குமரம், ஒரு பூட்டு. நான் கேட்டது அதைவிடப் பெரிய கருத்து. மூச்சுவிட ஒரு வெளி, எல்லாரும் கலந்து பழக ஒரு வெளி. அதனால் நல்ல தமிழில் 'திறந்தவெளி' என்று எழுதினேன். மனுவின் நகல் இதோ இருக்கிறது, படிக்கிறேன்.

"எங்கள் பகுதியில் வசிக்கும் அனைத்து வயதினரும், குறிப்பாகப் பெண்களும் முதியோரும், தினந்தோறும் காலையிலும் மாலையிலும் திறந்தவெளியைப் பயன்படுத்த மிகுந்த ஆவல் கொண்டுள்ளனர். ஆனால் தற்போது முட்புதர்கள் மண்டியிருப்பதால் நிம்மதியாக உட்காரக்கூட இடமின்றி அவதிப்படுகின்றனர். எனவே, மக்கள் கூச்சமின்றி ஒன்றுகூடிப் பயன்படுத்தும் வகையில் உரிய திறந்தவெளி வசதியை விரைந்து செய்து தருமாறு வேண்டுகிறோம்."

சிரிக்கிறீர்கள். இப்போது எனக்கும் தெரிகிறது. ஆனால் அன்றைக்கு ஒருவர் சொல்ல வேண்டாமா? ஐம்பத்தெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். பெரும்பாலும் வாத்தியார் குடும்பம். ஞானதுரை சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். 'உரிய' என்பதற்குப் பின்னால் ஒற்று மிகாது என்று மட்டும் சொன்னார். மீரான் அண்ணாச்சி படித்துவிட்டு ரொம்ப நேரம் இருமினார். "ரொம்ப இயற்கையா இருக்கு சார்" என்றார். நான் நன்றி சொன்னேன்.

பதினைந்து நாள் கழித்து, காலை ஆறு மணி. தெருவில் விசில் சத்தம். மாநகராட்சியிலிருந்து ஒரு சுகாதார ஆய்வாளரும் இரண்டு பேரும் வந்து புதருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். ஞானதுரை சார் நடைப்பயிற்சிக்குப் போகிற வழியில், புதரோரம் குனிந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். விசில் ஊதிவிட்டார்கள்.

"பெரியவரே, பாத்தா படிச்சவுக மாதிரி இருக்கீக. இப்படி வந்து உக்காரலாமா?"

"லேஸ் கட்டுதேம்ல!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாக. எந்திரிங்க, எந்திரிங்க."

முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தையே ஒரு விசிலில் நிறுத்தியவர். இரண்டு வாரம் அவர் வெளியே வரவில்லை. நான் அந்த ஆய்வாளரிடம் ஒரு மணி நேரம் விளக்கினேன். திறந்தவெளி என்றால் வெளி, வெளி என்றால் ஆகாசம், ஆகாசம் என்றால் சுதந்திரம் என்று. அவர் மனுவை எடுத்துக் காட்டினார். "நீங்க எழுதினதுதானே சார்? பெண்களும் முதியோரும்னு போட்டிருக்கீங்க. படிச்சிட்டு ஆபீஸ்ல ஒரு அம்மா அழுதுட்டாங்க சார்."

அடுத்த மாதம் உதவிப் பொறியாளர் வந்தார், செண்பகவல்லி என்று பெயர். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அந்தச் சோபாவில்தான் உட்கார்ந்தார். பையிலிருந்து உத்தரவை எடுத்து நீட்டினார். சமுதாயக் கழிப்பறை. ஆண்களுக்கு மூன்று, பெண்களுக்கு மூன்று, எந்நேரமும் தண்ணீர், பராமரிப்புக்கு ஒரு ஆள். இடம், எங்கள் பூங்கா நிலத்தின் ஒரு மூலை.

நடந்ததைச் சொன்னேன். சொல் மாறிப்போனது, நாங்கள் கேட்டது பூங்கா என்றேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "சார், பூங்காவும் பொறவு பாத்துக்கலாம், இடம் நிறைய இருக்கு. ஆனா கழிப்பறை கேட்டு நாலு வார்டுல ரெண்டு வருஷமா எழுதிக்கிட்டு இருக்காங்க, வரல. உங்களுக்கு எழுதத் தெரியாம வந்திருக்கு. விட்டுராதீங்க."

எழுதத் தெரியாமல்! சரி, சின்னப் பெண், விட்டுவிட்டேன். "யாருக்காக இதைக் கட்டுகிறீர்கள்? இங்கே அறுபத்து மூன்று வீட்டிலும் கழிப்பறை இருக்கிறது, சில வீட்டில் நான்கு" என்றேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். குப்பை வண்டிப் பெண்கள் இருவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள், மாடத்தியம்மா எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஆடுகூட இருந்தது. "பகுதி சபைன்னு உங்க சங்கத்தையே கூட்டி எல்லார்கிட்டயும் கேட்டு, ஆட்சேபணை இல்லைன்னு தீர்மானம் போட்டு, தலைவர் கையெழுத்தோட இருபத்தெட்டாம் தேதிக்குள்ள கொடுங்க சார். இல்லேன்னா வேற வார்டுக்குப் போயிரும்" என்றார்.

கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் நான் மறுப்பேனா? மறுபடி கார் ஷெட், மறுபடி வரைபடம், மறுபடி பொட்டு. இந்தத் தடவை எல்லாருக்கும் பொதுவாகக் கறுப்புப் பொட்டு வாங்கினேன், அனுபவம்தானே. கழிப்பறை எங்கே வரலாம் என்று நினைக்கிறீர்களோ அங்கே ஒட்டுங்கள் என்றேன்.

நீங்கள் அந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும். நகருக்குள் ஒரு பொட்டு இல்லை. ஃப்ளெக்ஸின் ஓரத்தில் வெள்ளையாக விடுவார்களே, அதில் வரிசையாக இருபது. திசை காட்டும் அம்புக்குறியின் மேல் ஐந்து. அச்சடித்த கடையின் போன் நம்பர் மேல் ஏழெட்டு. ஒருவர் சுவரிலேயே ஒட்டியிருந்தார். "அது அடுத்த நகர் சார். அங்கன காத்து நல்லா வரும்" என்றார் மீரான் அண்ணாச்சி.

செண்பகவல்லியும் வந்திருந்தார். பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார், "நீங்க எங்க ஒட்டினாலும் சரி, பாதாளச் சாக்கடை இணைப்பு ஒரே மூலையிலதான் இருக்கு." விரலை வைத்தார். அது என் சுவரை ஒட்டிய மூலை.

என்ன? பாத்ரூமா? தாராளமாக! இதில் என்ன கூச்சம்? அதோ, அந்த ஹாலைத் தாண்டி இடது பக்கம். வெந்நீர்கூட வரும். துண்டு உள்ளேயே இருக்கிறது.

வாருங்கள். சௌகரியமாக இருந்ததா? அது நான் வந்தபிறகு கட்டியது. இந்த வீட்டில் முன்னால் எப்படி இருந்தது தெரியுமா? புறவாசலில், வெளிப்பக்கமாகத் தனிக் கதவு வைத்து ஒரு கக்கூஸ். வேலையாட்களுக்கென்று. ஒரு வாளி, ஒரு குவளை, தகரக் கதவு. அம்மா இருந்தவரை அதை யார் யாரோ பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். நான் வந்து முதலில் இடித்தது அதைத்தான். வேலை செய்கிறவர்களுக்குத் தனிக் கழிப்பறை என்பது என்ன நாகரிகம்? மனிதர்களை அப்படிப் பிரிக்கலாமா? எனக்கு ஒரு நிமிஷம்கூட அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த இடத்தில் இப்போது துளசியும் உரக்குழியும் வைத்திருக்கிறேன். என் மனைவி கோமதி அப்போது கேட்டாள், "அப்போ அவங்கள உள்ள வந்து போகச் சொல்லட்டுமா?" நான் விளக்கினேன். ஒரு வீட்டுக்காரர் இரக்கப்பட்டுக் கதவைத் திறந்துவிடுவது தீர்வு இல்லை. இதை அமைப்பு ரீதியாகத்தான் தீர்க்க வேண்டும். அவளுக்கு இந்த மாதிரி விஷயங்களில் படிப்பு கிடையாது. இரண்டு நாள் பேசவில்லை.

எங்கே விட்டேன்? மூலை. செண்பகவல்லி விரலை எடுக்கவே இல்லை. வாசலில் துணி மூட்டையோடு மாடத்தியம்மா நின்றிருந்தார். யாருடைய வேட்டியையோ கொடுக்க வந்தவர். அந்தப் பெண் திடீரென்று அவரைக் கூப்பிட்டுவிட்டார். "நீங்க சொல்லுங்கம்மா."

விதிப்படி அது தவறு. ஆனால் நான் தடுக்கவில்லை. அதையும் நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை.

மாடத்தியம்மா மூட்டையை இறக்கவில்லை. "எனக்கு என்ன பேசத் தெரியும் தாயி. காலையில வீட்டுல அரைச் செம்பு தண்ணி குடிப்பேன். பொறவு ராத்திரி போயித்தான். மத்தியானம் தாங்க முடியாமப் போச்சுன்னா வண்டியை மூடிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். போக அரை மணி, வர அரை மணி. சார் கூட சத்தம் போட்டாக."

"சத்தம் போடவில்லை, எடுத்துச் சொன்னேன்" என்றேன்.

"எடுத்துச் சொன்னாக. இப்ப டாக்டரு, கிட்னியில கல்லு இருக்குங்காரு. ஒரு பக்கம் பழுதாயிட்டாம். தெனமும் மூணு லிட்டரு குடிக்கலேன்னா மத்ததும் போயிரும்னு சொல்லுதாரு. குடிக்க நான் தயார்தான் தாயி. குடிச்சிட்டு எங்கன போக? குப்பை எடுக்க வார பிள்ளையளக் கேளுங்க. மாசத்துல மூணு நாளு லீவு போடுதுவ, சம்பளம் போவுது. ஆச்சி இருக்கையில பொறவாசக் கதவு தெறந்து கெடக்கும். இப்ப அதுவும் இல்ல. குத்தம் சொல்லல."

 வடை வாளியை யாரும் தொடவில்லை. எனக்கு உண்மையிலேயே நெஞ்சை என்னவோ செய்தது. "இவ்வளவு நாள் என்னிடம் ஏன் சொல்லவில்லை, மாடத்தியம்மா?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலியே சார்."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை, அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நான்தான் கூட்டம் கூட்டமாக எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தேனே. அன்றிரவு வரை அதை யோசித்துக்கொண்டிருந்தேன்.

பரமேஸ்வரி டீச்சர்தான் முதலில் பேசினார். "பிறகு என்ன தம்பி, எழுது."

மீரான் அண்ணாச்சி சிரிக்காமல் பேசியதை அன்றுதான் பார்த்தேன். "எழுதுங்க சார். நம்ம வீட்டுப் பொம்பளையளா இருந்தா பாத்துக்கிட்டு இருப்பமா?"

ஞானதுரை சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எழுதலாம். எனக்கொண்ணும் இல்லை. ஆனா அந்த மூலை நம்ம தலைவர் ஆவுடையப்பன் சாரோட சுவர். அவுக படுக்கையறை ஜன்னலுக்கு நேரா வருது. அவுகளுக்குச் சம்மதம்னா எங்க எல்லாருக்கும் சம்மதம்." எல்லாரும் தலையாட்டினார்கள். முப்பத்தேழு வீடு, ஒரே மாதிரி. இரண்டு வருஷத்தில் எங்கள் சங்கத்தில் எல்லாரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

இங்கேதான் தலைமை என்பது என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜன்னல் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஜன்னலை மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அறுபத்து மூன்றில் இருபத்தாறு வீட்டுக்காரர்கள் அன்றைக்கு வரவில்லை. வந்தவர்களும் ஒருவர் மனமுருகப் பேசியதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். மனம் உருகிய நேரத்தில் எடுப்பது முடிவாகுமா? கருத்து வேறு, கண்ணீர் வேறு. சொல்லப்போனால் மாடத்தியம்மா கண்ணீர்கூட விடவில்லை, ஆனால் நான் சொல்ல வருவது உங்களுக்குப் புரிகிறது. தவிர, மூன்று லிட்டர் என்பது இந்த வெயிலுக்கு எந்த டாக்டரும் எல்லாருக்கும் சொல்வதுதான். வரைபடத்தில் அந்த மூலையில் ஒரு பொட்டு இல்லை. மக்களுடைய விருப்பம் பதிவாகியிருக்கிறது. அதை மீறி நான், என் ஒருவன் கையெழுத்தால், ஒன்றைத் திணித்தால் எனக்கும் பழைய பண்ணையாருக்கும் என்ன வித்தியாசம்?

அன்றைக்குத் தேதி இருபத்தேழு. செண்பகவல்லி தீர்மானப் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். எதை எழுத வேண்டும் என்பதைக்கூட மேலே பென்சிலால் எழுதி வைத்திருந்தார், 'பொதுமக்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று, மூன்றே சொல், நல்ல கையெழுத்து. மாடத்தியம்மா மூட்டையை இன்னும் தலையிலேயே வைத்திருந்தார். முப்பத்தேழு வீட்டுக்காரர்களும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பென்சில் எழுத்துக்குக் கீழே, 'மேலும் கலந்தாலோசனை தேவை' என்று மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.